பயனற்ற உயிர் எது?

மனிதர் கூரையின்றி மழையில் நனைந்துகொண்டிருக்கையில், ஒரு தவளையின் வாழ்வைப் பற்றிப் பேசுவது அறமாகுமா? இவ்வாறு கேட்போர் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுட் பலர் மனிதரை நேசிப்பவர். அந்த நேசத்தினாலேயே கேட்கின்றனர். ஆகவே, இக்கேள்விக்கு நாம் கூறும் விடையும் மனிதரை நேசிப்போர் ஏற்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். அறத்தைப் பற்றி அந்தரத்தில் நின்று பேசுவதால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு தவளையை, அது வாழும் ஒரு நிலத்தை, அதே சமவெளியில் நனைந்து நின்ற மனிதரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

தென்னாபிரிக்காவின் தென்மேற்கு மூலையிலே, மேசை மலையின் அடிவாரத்திலிருந்து கிழக்கே விரிந்து கிடக்கிறது ஒரு மணற் சமவெளி. கேப் பிளாற்ஸ் என்பது அதன் பெயர். அங்கே மழை குளிர்காலத்திற்குரியது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வடமேற்குக் காற்றோடு மழை கொட்டும். அப்பொழுது சமவெளியின் தாழ்ந்த இடங்களில் எல்லாம் நீர் தேங்கும். மக்கிய தழைகளின் சாறு ஊறிய அந்நீர் தேயிலைச் சாயம்போல் கறுத்திருக்கும். அமிலத் தன்மை மிக்கது. ஆழமற்ற இக்குட்டைகள் வேனில் வந்ததும் வற்றிப்போகும். ஆண்டிற் சில மாதங்களே வாழும் இந்நீர்நிலைகளை நம்பித் தன் குலத்தை நடத்தி வருகிறது ஒரு சின்னஞ்சிறு தவளை.

அதனை நுண்தவளை என்று அழைப்போம். விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் மைக்ரோபற்றக்கெல்லா கப்பென்சிஸ். பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பூலஞ்சர் என்னும் அறிஞர் 1910இல் அதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். முழு வளர்ச்சி பெற்றதும் அதன் நீளம் 18 மில்லிமீற்றரைத் தாண்டாது. நமது பெருவிரல் நகத்தின்மேல் அது அமர்ந்திருக்கலாம். பச்சை, கபிலம், சாம்பல், செம்மை என அதன் நிறம் பலவாறு வேறுபடும். பெரும்பாலும் முதுகின் நடுவே மூக்கு முதல் பின்புறம் வரை மெல்லிய வெளிர்கோடு ஒன்று ஓடும். மழை தொடங்கியதும் ஆண்தவளைகள் கரகரத்த குரலில் ஒன்றாய்க் கத்தத் தொடங்கும். பெண்தவளை நீரில் மூழ்கிய தண்டுகளில் இருபது முட்டை அளவில் சிறு கொத்தாக ஒட்டிவைக்கும். குட்டை வற்றுமுன் தலைப்பிரட்டை தவளையாகிவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் வாழ்வு. அதன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. உடன்பிறந்த வேறினம் அப்பேரினத்தில் இல்லை.

நகரம் வளர்ந்தபொழுது இச்சமவெளி சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பறக்கும் மணலைக் கட்டவேண்டும் என்று அவுஸ்திரேலியாவிலிருந்து வேலமரங்களைக் கொண்டுவந்து விதைத்தனர் குடியேற்ற ஆட்சியாளர். அவை சுதேசப் புதர்களை நெருக்கி மண்ணின் நீரையும் உறிஞ்சின. பின்னர் வீதிகள், வீடுகள், தொழிற்சாலைகள், வடிகால்கள் வந்தன. இன்று நுண்தவளை நான்கே பகுதிகளில் உயிர் பிழைத்திருக்கிறது. மூன்று, கேப் டவுனுக்குத் தென்கிழக்கே கரையோரமாக அகுல்ஹாஸ் சமவெளி வரை சிதறியுள்ளன. கேப் பிளாற்ஸில் எஞ்சியது ஒன்றே. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் வரிசையிற் சேர்த்திருக்கிறது.

கேப் பிளாற்ஸில் எஞ்சிய அந்த ஓர் இடம் எது? காடா? சரணாலயமா? இரண்டுமன்று. அது ஒரு குதிரைப் பந்தயத் திடல்.

கெனில்வேர்த் என்னும் நகர்ப்புறத்தில் 1882 முதல் குதிரைகள் ஓடுகின்றன. திடலின் ஓடுபாதை வட்டமிட்டுச் செல்கிறது. அவ்வட்டத்தின் உள்ளே இருந்த நிலத்தை எவரும் உழவில்லை, கட்டவில்லை, தோண்டவில்லை. அதன்மேல் எவருக்கும் அன்பிருந்தது என்பதனாலன்று. ஓடும் குதிரையைக் கண்ணுக்கு மறைக்காத வெளி ஒன்று தேவைப்பட்டது என்பதனால். அக்கறையின்மையே அங்கே காவலனாயிற்று. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுற்றிலும் நகரம் எழும்ப, ஏறத்தாழ 50 ஹெக்டேயர் மணலும் புதரும் குட்டையும் அந்த வட்டத்துக்குள் அகப்பட்டு நின்றன. இன்று அது பேணப்படும் நிலம். ஜனவரி மாதத்துப் பெரும் பந்தயத்தன்று புத்தாடையும் விசித்திரத் தொப்பியும் அணிந்த கூட்டம் திடலை நிறைக்கும். அப்பொழுது வேனில், குட்டைகள் வறண்டு கிடக்கும். கூட்டம் கலைந்து குளிர்காலம் வந்தபின்னரே வட்டத்தின் நடுவிலிருந்து நுண்தவளையின் குரல் எழும்.

இனி மனிதரைப் பார்ப்போம். 1950இல் தென்னாபிரிக்க நிறவெறி அரசு குழுப் பிரதேசச் சட்டத்தை இயற்றியது. எந்த நிறத்தவர் எந்த மண்ணில் வாழலாம் என்பதை வகுத்த சட்டம் அது. கேப் டவுனின் நடுவே, துறைமுகத்துக்கு அருகே, டிஸ்ட்ரிக்ற் சிக்ஸ் என்றொரு குடியிருப்பு இருந்தது. தொழிலாளரும் தையற்காரரும் கடற்றொழிலாளரும் பல மதத்தினரும் அடுத்தடுத்து வாழ்ந்த இடம். 1966 பெப்ரவரி 11ஆம் நாள் அது வெள்ளையருக்கே உரியது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் 60,000க்கு மேற்பட்டோர் அங்கிருந்து அகற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களில் மிகப் பலரைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் எது? மலையடிவாரத்தின் வளமான சரிவன்று. காற்றடிக்கும், நீர் தேங்கும் அந்தக் கேப் பிளாற்ஸ்தான். கறுப்பின மக்களின் குடியிருப்புகளும் அம்மணலிலேயே எழுப்பப்பட்டன. 1983இல் தொடங்கப்பட்ட கயலிட்சா அவற்றுள் ஒன்று. அவர்தம் கோசா மொழியில் அப்பெயருக்குப் 'புதிய இல்லம்' என்று பொருள். புதிய இல்லத்தின் தகரக் குடிசைகளுள் குளிர்காலந்தோறும் வெள்ளம் புகுகின்றது. நிறவெறி ஆட்சி ஒழிந்து முப்பதாண்டுகள் கழிந்த பின்பும் அது நிற்கவில்லை.

நகருக்குக் கிழக்கே, வாலஸ்டீன் என்னும் இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். அங்கே குடிசைகளில் நெருக்குண்டு வாழ்ந்தோர், பல பகுதிகள் நீர் தேங்கி நின்ற அந்நிலத்தை விட்டு வெளியேறி, 1998இல் அருகிலுள்ள வெற்றுக் காணி ஒன்றிற் குடில்கள் அமைத்தனர். அக்காணி தனியாருடையது. 1999 மே மாதத்தில், குளிர்கால மழை தொடங்கும் வேளையில், அவர்தம் குடில்கள் இயந்திரங்களால் தகர்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. 390 பெரியோரும் 510 பிள்ளைகளும் விளையாட்டுத் திடலொன்றிலே தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் ஒருவரான ஐரீன் குரூட்பூம் என்னும் பெண்மணியின் பெயரால் வழக்கு உச்சிவரை சென்றது. 2000ஆம் ஆண்டிலே அரசியலமைப்பு நீதிமன்றம், இப்படித் தவிப்போருக்கு வழிசெய்யாத வீடமைப்புத் திட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளிற் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது. குரூட்பூம் 2008இல் மறைந்தார். அப்பொழுதும் அவருக்கென்று முறையான ஒரு வீடு கிடைத்திருக்கவில்லை.

ஆக, ஒரே சமவெளி, ஒரே மழை. தவளைக்கு அம்மழை வாழ்வு. குடிசையில் வாழ்பவருக்கு அது வாதை. தவளைக்கு வேலியும் காவலும் உண்டு. பிள்ளைக்கு அவை இல்லை. இக்காட்சியைக் கண்டு மனம் கொதியாதவனோடு நமக்குப் பேச்சில்லை. ஆனால் அக்கொதிப்பு நம்மை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதே கேள்வி.

இரண்டு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. முதலாவது: "தவளை எதற்குப் பயன்? திடலை நிரவி வீடு கட்டுங்கள்." இரண்டாவது: "மனிதன் எங்கும் பெருகிவிட்டான், எஞ்சியிருக்கும் இயற்கையையாவது அவனிடமிருந்து காப்பாற்றுங்கள்." முன்னதைப் பேசுபவர் ஏழையின் பக்கம் நிற்பவர்போலத் தோன்றுகிறார். பின்னதைப் பேசுபவர் உயிர்களின் பக்கம் நிற்பவர்போலத் தோன்றுகிறார். இரண்டிலும் ஒரு பொய் உண்டு என்பது நமது துணிபு.

இரண்டாவது விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'மனிதன்' என்று பொதுப்படச் சொல்வது குற்றவாளியை மறைப்பதற்கு மிக வசதியான வழி. கேப் பிளாற்ஸின் குட்டைகளைத் தூர்த்தவன் எந்த மனிதன்? வேலமரத்தை விதைத்த ஆட்சியாளனும், காணியைக் கூறுபோட்டு விற்றவனும், மக்களை லொறிகளில் ஏற்றிவந்து மணலில் இறக்கிய அதிகாரியும் 'மனிதன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றனர். ஈற்றிற் குற்றம் சாட்டப்படுபவள் குட்டைக்கரையில் தகரம் நாட்டிய தாய். நிறவெறி நகரமைப்பிலே ஓர் இனத்தின் குடியிருப்பையும் இன்னோர் இனத்தின் குடியிருப்பையும் பிரிப்பதற்காகவே வெற்று வெளிகள் விடப்பட்டன. பசுமையே அங்கே மதிலாயிற்று. அம்மதிலின் வரலாற்றை மறந்து பசுமையை மட்டும் போற்றுபவன் இயற்கையை நேசிப்பவனல்லன். தன் தனிமையை நேசிப்பவன்.

முதல் விடைக்கு வருவோம். "எதற்குப் பயன்?" என்ற வினா மிகவும் யதார்த்தமானதாகவும் உழைப்பாளியின் நாவில் பிறந்ததாகவும் ஒலிக்கிறது. ஆனால் அதன் பிறப்பிடம் வேறு. தென்னாபிரிக்க வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 1967இல் நிறவெறி அரசு வெளியிட்ட ஒரு சுற்றுநிருபம், நகர்ப்புறங்களில் வாழ்ந்த ஆபிரிக்க மக்களுள் முதியோரையும், உடல் வலுவற்றோரையும், விதவைகளையும், பிள்ளைகளைத் தாங்கி நின்ற பெண்களையும் உற்பத்திக்கு உதவாதோர் என்று வகுத்து, அவர்களைத் தொலைதூரத்து ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப் பணித்தது. சுரங்கத்துக்கும் சமையலறைக்கும் வேண்டிய கைகள் நகரில் இருக்கலாம். கை தளர்ந்ததும் அந்தக் கைக்குரிய மனிதர் உபரி. 1960 முதல் 1983 வரை இவ்வாறும் வேறுவாறும் பெயர்க்கப்பட்டோர் முப்பத்தைந்து இலட்சம் என்று மதிப்பிட்ட ஆய்வுக் குழுவினர், தமது முயற்சிக்கு இட்ட பெயரே 'உபரி மக்கள் திட்டம்' என்பது. ஆட்சியாளரின் சொல்லை எடுத்து அவர் முகத்திலேயே எறிந்த பெயர்!

எனவே "பயன் என்ன?" என்ற வினாவை எடுத்துக்கொண்டு ஏழையின் சார்பில் வாதாடப் புகுவோர் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அது எதிரியின் அளவுகோல். அக்கோலால் இன்று தவளையை அளந்து எறிபவன் நாளை அதே கோலால் கிழவியை அளப்பான். நேற்று அளந்தும் இருக்கிறான். ஓர் உயிர் இருப்பதற்கான உரிமையை அது இன்னொருவருக்குத் தரும் இலாபத்தைக் கொண்டு முடிவு செய்யும் பழக்கமே சுரண்டலின் அடிமனம். அம்மனத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நீதியைக் கட்டியெழுப்ப முடியாது.

இங்கே ஓர் ஐயத்தைத் தெளிவாக்குதல் கடமை. மனிதனும் தவளையும் ஒன்று என்று நாம் கூறவில்லை. குளிரில் நடுங்கும் ஒரு குழந்தையையும் ஒரு தவளையையும் ஒரே தராசில் வைப்பவன் அறநூல் எத்தனை கற்றிருந்தாலும் அறம் அறியாதவன். குழந்தைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது, முந்தியது. ஆனால் ஒருவருக்குப் பெருங்கடன் பட்டிருப்பது மற்றவருக்குப் பட்ட சிறுகடனை இல்லாமற் செய்துவிடாது. பெருங்கடனைத் தீர்க்கும் வல்லமை கையில் இருந்தும் தீர்க்காதவன், சிறுகடனைக் கைவிடுவதற்கு அதனையே சாட்டாகக் கூறுவானாயின், அவன் இருவரையும் ஏமாற்றுகிறான்.

அந்த ஏமாற்றே அங்கு நடைபெறுகிறது. வீடா தவளையா என்று கேட்போர், கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை! கேப் டவுனில் நகரசபைக்குச் சொந்தமான நிலங்களில் கொல்ப் விளையாட்டுத் திடல்கள் உண்டு. சொற்பக் குத்தகைக்கு விடப்பட்டவையும் அவற்றுள் உண்டு. நடுநகருக்கு அண்மையில், வேலைத்தலங்களுக்கு அண்மையில் உள்ள அந்நிலங்களை வீடமைப்புக்குத் தாருங்கள் என்று வீடற்றோர் இயக்கங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றன. கத்தரித்த புல்வெளியில் அருகிவரும் உயிர் எதுவும் முட்டையிடுவதில்லை. ஆயினும், "வீடா கொல்ப் பந்தா?" என்ற கேள்வி "வீடா தவளையா?" என்ற கேள்வியைப்போல அத்தனை எளிதில் எழுவதில்லை. ஏன்? தவளைக்கு வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லை. வலியவனிடமிருந்து கேட்டுப் பெறவேண்டியதை எளியவற்றிடமிருந்து பறித்துக்கொள்ளுமாறு எளியவருக்கே போதிப்பது அதிகாரத்தின் பழைய தந்திரம்.

தென்னாபிரிக்க மக்கள் தமது விடுதலைக்குப் பின் 1996இல் இயற்றிய அரசியலமைப்பு இத்தந்திரத்துக்கு இடங்கொடுக்கவில்லை. அதன் உரிமைச் சாசனத்தின் 24ஆம் பிரிவு, தீங்கற்ற சூழலும், இன்றைய தலைமுறைக்கும் இனிவரும் தலைமுறைகளுக்குமாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கையும் எல்லாரதும் உரிமை என்கிறது. 26ஆம் பிரிவு, போதிய வீட்டு வசதியைப் பெறுவது எல்லாரதும் உரிமை என்கிறது. இரண்டும் ஒரே சாசனத்தில், ஒரே பக்கத்திலே உறையும் அயலவர். ஒன்றைக் கொன்று மற்றொன்றை வாழவைக்குமாறு அச்சாசனம் கூறவில்லை. இரண்டையும் நிறைவேற்ற வேண்டியவர் இன்னமும் கடனாளியாகவே நிற்கின்றனர் என்பதே உண்மை.

"ஏழைக்கு இயற்கை எதற்கு?" என்போருக்கும் அச்சமவெளி மக்களே விடையளித்திருக்கின்றனர். கேப் பிளாற்ஸின் மேற்கோரத்தில் பிரின்ஸஸ் விளே என்றொரு நன்னீர்வாவி உண்டு. நிறவெறிக் காலத்தில் கடற்கரைகள் பல மறுக்கப்பட்ட மக்கள் விடுமுறை நாட்களிற் பிள்ளைகளோடு சென்றிருந்த கரை அது. திருமுழுக்குப் பெற்ற நீரும் அதுவே. அக்கரையில் கடைத்தொகுதி ஒன்று கட்டத் திட்டம் வந்தபொழுது சுற்றுவட்டாரத்து எளிய மக்கள் எதிர்த்து நின்றனர். வசதியான பகுதிகளின் நீர்நிலைகள் பூங்காவாக இருக்க, தங்களது மட்டும் வாகனத் தரிப்பிடமாவது ஏன் என்று கேட்டனர். பள்ளிப் பிள்ளைகள் கரையிலே சுதேசப் புதர்களை நட்டனர். 2014இல் நகரசபை அத்திட்டத்தைக் கைவிட்டது. இயற்கையை நேசிப்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்ற கூற்றை அப்பிள்ளைகளின் மண் படிந்த கைகள் பொய்யாக்கிவிட்டன.

இத்தனையும் கூறிய பின்னும் ஒரு கடினமான கேள்வி எஞ்சி நிற்பதை நாம் மறைக்கப் போவதில்லை. வேறு நிலமே இல்லை, வேறு வழியே இல்லை என்ற நிலை உண்மையாகவே வருமாயின் என் செய்வது? அப்பொழுது மனிதனே முதல்வன் என்போம், துயரத்தோடு சொல்வோம், இழந்தது மீளாது என்பதை அறிந்தே சொல்வோம். தகர்த்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். இடித்த டிஸ்ட்ரிக்ற் சிக்ஸுக்குக்கூட, வெளியேற்றப்பட்டோருட் சிலரேனும் திரும்பி வந்தனர். மறைந்த ஓர் உயிரினத்தை எந்த நீதிமன்றமும் திருப்பி அழைக்க முடியாது. ஆகையால் "வேறு வழியில்லை" என்ற சொல்லை உச்சரிக்குமுன், மற்றெல்லாக் கதவுகளும் தட்டப்பட்டனவா என்று ஆராய்வது நம் கடமை. கெனில்வேர்த்தைப் பொறுத்தவரை அவை தட்டப்படவில்லை. பூட்டிய கதவுகள் பல, கொழுத்த வீடுகளின் கதவுகள்.

பந்தயத் திடலின் வேலி நுண்தவளைக்காகப் போடப்பட்டதன்று. வசதியுள்ளோர் தம் விளையாட்டுக்காக வளைத்த நிலத்தில் ஓர் உயிர் தற்செயலாகத் தப்பியது. காவல் தந்தவரின் வரலாறு கறைபட்டது என்பதற்காகக் காக்கப்பட்ட உயிரை வெறுப்பதற்கில்லை. உயிர் தப்பியது என்பதற்காக அவ்வரலாற்றை வாழ்த்துவதற்குமில்லை. தற்செயலால் நேர்ந்த நன்மையை மக்களின் விருப்பத்தால் நிகழும் நன்மையாக மாற்றுவதே நம் காலத்தின் பணி.

தன் வாயாலேயே கெடுவது என்று நம் முன்னோர் தவளையைப் பழித்துப் பழமொழி சொல்லிவைத்தனர். கேப் பிளாற்ஸின் தவளைக்கு அது பொருந்தவில்லை. நகத்தளவான அவ்வுயிரைப் புதரிடையே கண்ணாற் காண்பது அரிது; ஆய்வாளர் அதன் குரலைக் கேட்டே அது இன்னும் இருக்கிறது என்று அறிகின்றனர். குளிர்கால மழை இறங்கும் இரவுகளில் அச்சமவெளியில் இரண்டு குரல்கள் எழுகின்றன: வட்டத் திடலின் நடுவே தவளைகளின் குரல், அப்பால், ஒழுகும் தகரத்தின்கீழ் உறங்கமுடியாத மனிதரின் குரல். முதலாவதைக் கேட்டு இரண்டாவதைக் கேளாதவன் செவிடன். இரண்டாவதைக் காட்டி முதலாவதை அடக்கச் சொல்பவன், நாளை இரண்டையும் அடக்குவான். இரண்டையும் கேட்கும் செவியே மானுடத்தின் செவி.